இறால் குட்டைக் கழிவுநீருக்கு அலையாத்தி வடிகட்டி: கணக்கு போடுவதில் இருந்து சேறு வாருவது வரை

வனாமி இறால் அறுவடை முடியும்போது குட்டையின் அடியில் முழங்கால் அளவுக்கு நிற்கும் தண்ணீரைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கட்டுரையின் தேவையை விளக்க வேண்டியதில்லை. தின்னாமல் விட்ட தீவனம், இறால் எச்சம், உரித்த ஓடு, செத்த பாசி எல்லாம் சேர்ந்து கறுப்பாகக் கலங்கி நிற்கும். மதகைத் திறந்து வாய்க்காலில் விட்டால் அது பக்கத்துப் பண்ணையின் மோட்டாருக்குப் போகிறது, அடுத்த பருவத்தில் நம் மோட்டாருக்கே வருகிறது.

இந்தத் தண்ணீரைச் சுத்தம் செய்ய சம்பு, கல்வாழை நட்ட தொட்டிகள் உதவாது. உப்பு 15, 20 பிபிடி (லிட்டருக்கு அத்தனை கிராம்) என்று இருக்கும் நீரில் அவை கருகிவிடும். அலையாத்தி மரங்களுக்கு அந்த உப்பு வீட்டுச் சாப்பாடு. ஆகவே அவற்றை நட்டு, கரை கட்டி, நாமே ஒரு சிறு சதுப்பு நிலம் உண்டாக்கி அதன் வழியாகக் கழிவுநீரை விடுவதுதான் இங்கே சொல்லப்போகும் முறை. நாகப்பட்டினம், மயிலாடுதுறை, கடலூர் பக்கத்துக் களிமண் கரையோரத்தில் ஒரு ஹெக்டேர் குட்டை வைத்திருப்பவரை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். தண்ணீரைச் சுத்தம் செய்வதில் பெரும்பங்கு மரத்துடையது என்று நினைத்தால் வடிவமைப்பு தப்பாகிவிடும். வேலை செய்வது சேறும் அதில் வாழும் நுண்ணுயிர்களும். மரம் வேர் வழியாகக் கொஞ்சம் ஆக்சிஜனைச் சேற்றுக்குள் விடுகிறது, நீரின் வேகத்தைக் குறைக்கிறது, நண்டுக்கு இடம் கொடுக்கிறது, நண்டு வளை தோண்டிச் சேற்றைக் கிளறிவிடுகிறது. அந்தச் சேறு மூச்சு விடுகிறதா என்பதைப் பொறுத்துத்தான் மற்ற எல்லாம். தண்ணீரை எவ்வளவு நேரம் நிறுத்துகிறோம், எவ்வளவு நேரம் வடித்துக் காயவிடுகிறோம் என்பது எந்த மரம் நட்டோம் என்பதைவிட முக்கியம்.

இயற்கைக் காட்டில் விடக் கூடாது

பக்கத்திலேயே அலையாத்திக் காடு இருக்கிறதே, அதற்குள் விட்டால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகளில் அலையாத்திக் காடு முதல் வகைப் பாதுகாப்புப் பகுதி. சட்டத்தை விடுங்கள், அந்தக் காட்டில் நீர் மட்டத்தையோ வடிகாலையோ நாம் கட்டுப்படுத்த முடியாது. உள்ளே போனது என்ன ஆனது என்று அளக்கவும் வழியில்லை.

தேங்கிய நீர் அலையாத்தியை என்ன செய்யும் என்பதற்குப் பிச்சாவரமே சாட்சி. பிரிட்டிஷ் காலத்தில் கூறு கூறாக மரத்தை வெட்டி எடுத்த இடங்களில் மண் காய்ந்து தாழ்ந்து பள்ளமானது. ஓதத்தில் உள்ளே வந்த கடல்நீர் திரும்ப வடியவில்லை. வெயிலில் வற்றி வற்றி உப்பு ஏறி, செடி முளைக்க முடியாத பொட்டலாகிவிட்டது. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, நீர் ஏறி இறங்க வழி செய்த பிறகுதான் காடு திரும்பியது. நாம் கட்டப்போகும் தொட்டிக்கும் அதே விதிதான்: ஏறும் நீர் இறங்கியாக வேண்டும்.

எவ்வளவு இடம் வேண்டும்

பலர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுத் திட்டத்தையே கைவிடுகிறார்கள். ஒரு ஹெக்டேர் குட்டை, 1.2 மீட்டர் ஆழம் என்றால் 12,000 கன மீட்டர் தண்ணீர். அறுவடையில் மூன்று நாளில் வடித்துவிடுகிறோம். தொட்டியில் தண்ணீர் மூன்று நாள் தங்க வேண்டும் என்றால் 12,000 கன மீட்டரையும் ஒரே சமயத்தில் தாங்க வேண்டும். நீர் ஆழம் 30 செ.மீ., அதில் ஐந்தில் ஒரு பங்கைச் செடியும் வேரும் அடைத்துக்கொள்ளும் என்று வைத்தால், சதுர மீட்டருக்கு 0.24 கன மீட்டர்தான் நிற்கும். 12,000 வகுத்தல் 0.24 என்றால் 50,000 சதுர மீட்டர். ஒரு ஹெக்டேர் குட்டைக்கு ஐந்து ஹெக்டேர் அலையாத்தி! யார் கொடுப்பார்கள்?

இது வெறும் காகிதக் கணக்கும் இல்லை. ராபர்ட்சன், பிலிப்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1995இல் நைட்ரஜன், பாஸ்பரஸ் வரவு செலவை வைத்துப் போட்ட மதிப்பீட்டில், ஒரு ஹெக்டேர் இறால் குட்டைக்கு 2 முதல் 22 ஹெக்டேர் வரை அலையாத்தி தேவை என்று வந்தது. தீவனம் அதிகம் போடும் தீவிர வளர்ப்புக்குத்தான் அந்த 22. கொலம்பியாவின் கரீபியக் கரையில் 286 ஹெக்டேர் பண்ணை ஒன்று 120 ஹெக்டேர் அலையாத்தி ஈரநிலத்தை வடிகட்டியாகப் பயன்படுத்திப் பார்த்தது. நம் ஊரில் அந்த அளவு நிலம் யாரிடமும் இல்லை.

வழி என்னவென்றால், எல்லாத் தண்ணீரையும் ஒன்றாகப் பார்க்காமல் இருப்பது. அறுவடையில் மேல் தண்ணீர் ஓரளவு தெளிவாக வரும். அழுக்கின் பெரும்பகுதி கடைசி 20 சதவீதத்தில்தான் இருக்கிறது. மேல் தண்ணீரைப் பக்கத்துக் குட்டைக்கோ சேமிப்புக் குட்டைக்கோ ஏற்றி, தெளியவிட்டு அடுத்த பருவத்துக்கே வைத்துக்கொள்ளலாம். அப்படியும் வெளியே விட்டே ஆக வேண்டும் என்றால் பரிசோதித்துவிட்டுத்தான் விட வேண்டும். அலையாத்தித் தொட்டிக்குப் போவது அடித் தண்ணீர் மட்டும்: 2,400 கன மீட்டர். அதையும் மூன்று நாளில் தள்ளாமல் 15 நாளுக்குப் பிரித்தால் நாளைக்கு 160 கன மீட்டர். மூன்று நாள் தங்கல் என்றால் 480 கன மீட்டர் நிற்க வேண்டும். அதற்கு 2,000 சதுர மீட்டர் போதும். அதாவது 50 சென்ட், அரை ஏக்கர். ஐந்து ஹெக்டேர் அரை ஏக்கராகச் சுருங்கியதற்கு மரமோ மந்திரமோ காரணமில்லை. அவசரப்படாமல் விட்டதும் பிரித்து விட்டதும்தான்.

மூன்று தொட்டி, ஒரு தெளிவுக் குட்டை

அந்த 50 சென்டை ஒரே வயலாக விடாமல் 60 மீட்டர் நீளம், 11 மீட்டர் அகலத்தில் மூன்று தொட்டிகளாகப் பிரிக்கச் சொல்வேன். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 160 கன மீட்டர் பிடிக்கும், அதாவது ஒரு நாள் பங்கு. இன்று முதல் தொட்டி, நாளை இரண்டாவது, மறுநாள் மூன்றாவது. நாலாம் நாள் காலையில் முதல் தொட்டியை வடித்து, பகல் முழுக்கக் காயவிட்டு, சாயங்காலம் மறுபடி நிரப்புவது. நம் கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு. அதை நம்பி நிரப்பி வடிக்க முடியாது. பம்பு வைத்து நாமே ஓதத்தை உண்டாக்குகிறோம், அவ்வளவுதான்.

சீனாவில் ஷென்ஜென் நகரத்தின் ஃபூத்தியான் பகுதியில் நகரச் சாக்கடை நீருக்கு இப்படி அலையாத்திப் பட்டைகள் அமைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் 33 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், அரை மீட்டர் ஆழம். உள்ளே கல், ஜல்லி, மணல். மூன்று நாள் தங்கலில் ஒரு பட்டை தாங்கியது நாளைக்கு 5 கன மீட்டர்தான். சுமார் 50 கன மீட்டர் குழிக்குள் ஜல்லி போக 15 கன மீட்டர் தண்ணீருக்குத்தான் இடம். சாக்கடைக்கு அது சரி, நாற்றமும் கொசுவும் மேலே வராது. இறால் குட்டை போல் திடீரென்று பெரிய அளவில் தண்ணீர் வரும் இடத்தில் ஜல்லிப் படுகை கட்டுபடியாகாது. அடைத்துக்கொண்டால் அள்ளவும் முடியாது. சேற்றுப் படுகையும் மேலே திறந்த நீரும்தான் நமக்கு.

தொட்டிகளுக்கு முன்னால் தெளிவுக் குட்டை கட்டாயம். இதை விட்டுவிட்டு நேரே அலையாத்திக்குள் பம்பு செய்தால் முதல் பருவத்திலேயே நுழைவாய் அருகில் கறுப்புச் சேறு மேடு தட்டி, அங்குள்ள கன்றுகள் மூச்சு முட்டிச் சாகும். ஒரு நாள் தண்ணீர் முழுவதும் நின்று தெளிய 160 முதல் 200 கன மீட்டர் கொள்ளளவு இருந்தால் போதும். ஆழம் ஒன்றரை மீட்டர், அடி ஒரு பக்கமாகச் சரிந்து சேறு ஒரே மூலையில் சேர வேண்டும். நுழைவில் உரித்த ஓட்டையும் செத்த இறாலையும் தடுக்க ஒரு வலை. இந்தக் குட்டையில் மடவை மீன் விடலாம், படிந்ததை மேய்ந்து தின்னும்.

சட்டப்படியும் இதற்கு இடமுண்டு. 2005ஆம் ஆண்டின் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தின் கீழ் வந்த வழிகாட்டுதல்கள் பண்ணைகளுக்குக் கழிவுநீர் சுத்திகரிப்பு அமைப்பைக் கேட்கின்றன. வெளியே விடும் நீரில் மிதக்கும் திடப்பொருள் லிட்டருக்கு 100 மி.கி.க்குள் இருக்க வேண்டும். பிஓடி (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன் அளவு) கடலுக்கு விட்டால் 50 மி.கி., கழிமுகத்துக்கோ உப்பனாற்றுக்கோ விட்டால் 20 மி.கி. நம்மில் பலர் விடுவது உப்பனாற்றில்தான், ஆகவே 20ஐ இலக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

மண் வேலை

ஜேசிபி வருவதற்கு முன் இரண்டு சோதனைகள். ஒன்று, பழைய அலையாத்திச் சேறாக இருந்த நிலத்தில் இரும்பு கந்தகப் பொருள் புதைந்திருக்கும். ஈரமாக இருக்கும்வரை சாது. தோண்டிக் காற்றுப் பட்டால் அமிலமாகிவிடும். ஒரு பிடி மண்ணை லேசான ஈரத்தோடு திறந்த பிளாஸ்டிக் பையில் சில வாரம் வைத்து பிஎச் பாருங்கள். 4க்குக் கீழே இறங்கினால், அல்லது வெட்டிய மண்ணில் வைக்கோல் மஞ்சளில் புள்ளிகள் தெரிந்தால், ஆழமாகத் தோண்டாமல் கரையை உயர்த்தித் தொட்டி கட்டுங்கள், சுண்ணாம்பும் வேண்டியிருக்கும்.

இரண்டாவது, கசிவு. உப்புநீர் கசிந்து பக்கத்து வயலுக்கோ குடிநீர்க் கிணற்றுக்கோ போனால் ஊரோடு பகை. நாகை மாவட்டத்தில் இறால் பண்ணைகளுக்கு எதிராகக் கிளம்பிய போராட்டம் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரைக்கும் போனதற்கு நிலமும் கிணறும் உப்பானது ஒரு பெரிய காரணம். மாதிரிக்கு ஒரு சிறு குழி வெட்டி நீர் நிரப்பி, பக்கத்திலேயே நீர் நிறைத்த பக்கெட் ஒன்றை வையுங்கள். பக்கெட்டில் குறைவது வெயில் குடித்தது. குழியில் அதைவிட அதிகமாகக் குறைந்தால் அது கசிவு. களிமண் என்றால் மிதித்து இறுக்கினால் போதும். மணல் என்றால் பிளாஸ்டிக் ஷீட் விரித்து அதன் மேல் சேறு பரப்ப வேண்டும்; செலவு எகிறும். அந்த இடத்தில் கட்டாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து.

மேல்மண்ணைத் தனியாக ஒதுக்கி வைத்து, வேலை முடிந்ததும் 30 செ.மீ. தடிமனுக்குத் திரும்பப் பரப்புங்கள். அடி வெளிவாயை நோக்கி 60 மீட்டருக்கு 10 செ.மீ. சரிய வேண்டும். நடுவில் பள்ளம் கூடாது. மட்டம் பார்க்கக் கருவி இல்லாவிட்டால் நீர் நிறைந்த டியூப் போதும். கரை அடியிலிருந்து ஒரு மீட்டர். ஐப்பசி கார்த்திகை மழைக்கு ஒரு பக்கம் மிகுநீர் வழிந்தோட வழி இருக்கட்டும், இல்லாவிட்டால் புயல் மழை தானே ஒரு வழி உண்டாக்கிக்கொள்ளும்.

நுழைவில் 4 அங்குல பிவிசி குழாயை 11 மீட்டர் அகலத்துக்கும் கிடத்தி, அரை அடிக்கு ஒரு துளை போட்டு, கீழே ஒரு மீட்டர் அகலத்துக்கு ஒன்றரை அங்குல ஜல்லி கொட்டுங்கள். ஒரே இடத்தில் ஊற்றினால் தண்ணீர் குறுக்கு வழி பிடித்துக்கொள்ளும். வெளிவாயில் கரைக்கு அடியில் குழாய், அதன் முனையில் ஒட்டாமல் செருகிய எல்போ, அதில் ஒரு நிமிர்ந்த துண்டுக் குழாய். அந்தத் துண்டை நிமிர்த்தினால் நீர் 30 செ.மீ. நிற்கும், சாய்த்தால் இறங்கும், கிடத்தினால் முழுதும் வடியும். மதகுப் பலகையோடு மல்லுக்கட்டுவதைவிட இது ஆயிரம் மடங்கு மேல்.

என்ன மரம்

முக்கால்வாசி வெண்கண்டல், அதாவது அவிசென்னியா மெரினா. உப்பு ஏறினாலும் இறங்கினாலும் தாங்கும், வெட்டினால் தழையும், சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக மூச்சு வேர் விடும். வெளிவாய்ப் பக்கம், கரையோரமாக ஒரு வரிசை சுரபுன்னை. ஒரு எச்சரிக்கை: சுரபுன்னையில் இலையில்லாத பழைய கட்டைவரை கழித்தால் அநேகமாகத் திரும்பத் துளிர்க்காது. ஆகவே கிளை கழிக்க வேண்டி வரும் இடத்தில் அதை நடாதீர்கள். கரை மேல் உமரி (உப்பு மண்ணில் வளரும் சிறு செடி) தானாக வரும், வரட்டும். தில்லை மரம் வேண்டாம். அதன் பால் கண்ணில் பட்டால் பெரிய அவஸ்தை, தொட்டியில் இறங்கி வேலை செய்கிறவர்களை நினைத்துப் பாருங்கள்.

விதை சேகரிக்க வனத்துறையிடம் அனுமதி கேளுங்கள், இல்லை நாற்றங்கால் வைத்திருப்பவர்களிடம் வாங்குங்கள். வெண்கண்டல் விதை முற்றியதா என்று பார்க்க ஒரு நாள் தண்ணீரில் போட்டு வையுங்கள். தோல் தானாகக் கழன்றால் நல்ல விதை. சுரபுன்னை நெற்றில் காய்க்குக் கீழே மஞ்சளாகவோ சிவப்பாகவோ ஒரு கழுத்து தெரிந்தால்தான் முற்றியது. பச்சையாகப் பிடுங்கியது பிழைக்காது. வெண்கண்டலைப் பையில் வளர்த்து முக்கால் அடி முதல் ஒன்றரை அடி வந்ததும் நடுவது பாதுகாப்பு. நேரே விதைத்தால் நண்டு தின்றுவிடும். மீட்டருக்கு ஒரு கன்று, மொத்தம் 2,000. பொக்கை விழுந்ததை நிரப்ப ஒரு 300 கூடுதலாக வையுங்கள். பையில் இருந்த மட்டத்துக்கு மேல் தண்டைப் புதைக்கக் கூடாது.

ஆடு மாடு வெண்கண்டல் இலையை விட்டுவைக்காது. நடும் அன்றே வேலி.

பழக்குவது

நட்டதும் கழிவுநீரை விடாதீர்கள். முதல் மூன்று மாதம் சாதாரண உப்பனாற்று நீர், 10 செ.மீ. ஆழம், தினம் ஏற்றி இறக்க வேண்டும். புது இலை வந்த பிறகு கால் பங்கு கழிவு, அப்புறம் அரைப் பங்கு என்று ஏற்றிக்கொண்டு போய் இரண்டாவது அறுவடையில் முழுதாக விடலாம். மிதக்கும் பாசி கன்றின் மேல் போர்வை மாதிரி படிந்து சாய்த்துவிடும். வாரம் ஒருமுறை கையால் எடுத்துவிட வேண்டும். தண்டில் கொட்டலசு (ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் சிறு கடல் உயிர்) ஒட்டினால் சுரண்டுங்கள்.

மூச்சு வேர் முளைத்த பிறகு ஒரே விதி: அந்தப் பென்சில் முனைகள் நாள் கணக்கில் மூழ்கிக் கிடக்கக் கூடாது. மூன்று நாள் நிறுத்தி, ஒரு பகல் வடித்துவிடுவது அதற்காகவும்தான். அந்தக் காய்ச்சலில்தான், அதாவது சேறு காயும் நேரத்தில்தான், கழிவிலுள்ள அம்மோனியா நைட்ரேட்டாக மாறும். மறுபடி நீர் ஏறி, காற்றில்லாத அடிச்சேற்றில் அந்த நைட்ரேட் வாயுவாகி வெளியேறும். காய்ச்சல் இல்லாவிட்டால் முதல் பாதி நடக்காது, அம்மோனியா போட்டது போட்டபடி வெளிவாயில் வரும். கொசுப் புழுவும் அதே காய்ச்சலில் ஒழியும். முட்டையிலிருந்து பறக்க அதற்கு ஒரு வாரமாவது வேண்டும்.

நண்டும் வெள்ளைப்புள்ளியும்

அனுபவமுள்ள பண்ணைக்காரர் இந்தத் திட்டத்தைக் கேட்டதும் முதலில் கேட்கும் கேள்வி இது: "ஏன் சார், வெள்ளைப்புள்ளி வைரஸைச் சுமக்கிற நண்டுக்கு நானே வீடு கட்டிக் கொடுக்கணுமா?" நியாயமான கேள்வி. இறாலைக் கூட்டமாகக் கொல்லும் அந்த வைரஸை நண்டு தாங்கிக்கொண்டு அலையும் என்பது உண்மை. ஆகவே அலையாத்தித் தொட்டி குட்டைகளுக்கு நடுவில் வரக் கூடாது, பண்ணையின் வெளியேற்றும் மூலையில், தண்ணீர் எடுக்கும் இடத்துக்கு எதிர்ப்பக்கம் இருக்க வேண்டும். அதைச் சுற்றித் தனியாக நண்டு வேலி: அரை மீட்டர் உயர வழவழப்பான ஷீட், அடி மண்ணில் புதைந்து, உள்பக்கமாகச் சற்றே சாய்ந்து. அங்கே இறங்கிய வலை, பக்கெட், செருப்பு எதுவும் குட்டைப் பக்கம் வரக் கூடாது. அங்கே பிடித்த நண்டை உண்ணவும் வேண்டாம்.

நோய் வந்த குட்டையின் நீரை இந்தத் தொட்டிக்கு நேரே விடவே கூடாது. குட்டையிலேயே ப்ளீச்சிங் பவுடர் போட்டுச் சாகடிக்க வேண்டும். அதற்குப் பிறகு குளோரின் முழுக்கப் போகும்வரை காத்திருக்க வேண்டும், ஏனென்றால் அதே குளோரின் சேற்றின் நுண்ணுயிர்களையும் கொன்றுவிடும். குளோரின் இருக்கிறதா என்று காட்டும் ஆர்த்தோடொலிடின் திரவத்தைச் சொட்டுவிட்டால் மஞ்சள் நிறம் வராத அளவுக்கு ஆன பிறகே பம்பு போடுங்கள். மருந்துக் கழிவு, சாயக் கழிவு, தோல் கழிவு இதில் விடுவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். உலோகம் சேற்றில் தங்கிவிடும், பின்னால் அந்தச் சேற்றை எங்கே போடுவீர்கள்?

அளப்பது

காலையில் நுழைவாயில் ஒரு பாட்டில், அடுத்த நிமிடம் வெளிவாயில் ஒரு பாட்டில் எடுத்து ஒப்பிடுவது வீண். வெளிவாயில் இருப்பது வேறு நாள் தண்ணீர். ஒரு தொட்டியை நிரப்பும்போது ஒன்று, அதே தொட்டியை மூன்று நாள் கழித்து வடிக்கும்போது ஒன்று எடுங்கள். வடிக்கத் தொடங்கியதும் முதலில் வருவது குழாயில் தங்கிய கசடு. பாதி வடிந்த பிறகு பிடியுங்கள். அம்மோனியாவும் பிஎச்சும் பண்ணையில் வைத்திருக்கும் சோதனைக் கிட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். பிஓடி, திடப்பொருள் இரண்டுக்கும் பருவத்துக்கு ஒருமுறை ஆய்வகம்.

சித்திரை வைகாசியில் இன்னொரு குழப்பம் வரும். மூன்று நாளில் தொட்டியிலிருந்து இரண்டு செ.மீ.க்குப் பக்கம் வெயில் குடித்துவிடும். தண்ணீர் குறைந்ததால் லிட்டர் கணக்கில் எல்லாம் கூடுதலாகத் தெரியும். உப்பையும் சேர்த்து அளந்து, உப்பு எத்தனை மடங்கு கூடியதோ அத்தனையால் வகுத்துப் பாருங்கள். உப்பு 40 பிபிடியைத் தாண்டத் தொடங்கினால் தங்கலை இரண்டு நாளாகக் குறைத்து, இடையில் ஒருமுறை உப்பனாற்று நீரால் அலசிவிடுங்கள்.

பருவங்களுக்கு இடையில், ஆண்டுகள் போகப் போக

வருடத்துக்கு இரண்டு அறுவடை என்றால் முழு அளவில் வேலை 30 நாள்தான். மற்ற நாட்களில் வளர்ப்பின்போது குட்டை நடுவிலிருந்து வெளியேற்றும் கசடு நீரைத் தெளிவுக் குட்டை வழியாக விடலாம். அதுவும் இல்லாத காலத்தில் வாரம் இருமுறையாவது உப்பனாற்று நீரை ஏற்றி இறக்க வேண்டும். பண்ணையைச் சும்மா போட்டு வைத்திருக்கும் வருடத்திலும் இதை நிறுத்தக் கூடாது.

நைட்ரஜன் காற்றில் போய்விடும். பாஸ்பரஸுக்கு அந்த வழி இல்லை, களியிலும் இரும்பிலும் ஒட்டிக்கொண்டு சேற்றிலேயே சேரும். ஒட்ட இடம் தீர்ந்ததும் வந்தபடியே வெளியேறத் தொடங்கும். அது தெரிந்த வருடம், நுழைவாயை ஒட்டிய பத்து மீட்டரில் மேலே படிந்த சேற்றை மண்வெட்டியால் வழித்து எடுங்கள். மூச்சு வேருக்குக் கீழே போகாமல், ஒரு வருடத்துக்கு ஒரு தொட்டி மட்டும். எடுத்த சேற்றில் உப்பு இருப்பதால் நெல் வயலுக்குப் போடக் கூடாது. கரையை உயர்த்தவும் வெளிக்கரையில் உமரி ஏற்றவும் நல்லது. தெளிவுக் குட்டைச் சேற்றை ஒவ்வொரு அறுவடைக்குப் பிறகும் அள்ளிவிட வேண்டும், அது தனி வேலை.